அளவு அச்சில் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மே மாதத்து மத்தியான வெயிலில் எங்கள் தெருவுக்கு ஐஸ் வண்டிக்காரர் வருவார். குரல் கொடுக்க மாட்டார். மரப்பெட்டியின் மூடியைத் தூக்கி 'டப்'பென்று போடுவார், அது போதும். பால் ஐஸ், சேமியா ஐஸ், திராட்சை ஐஸ், எதுவானாலும் ஆளுக்கு ஒன்றுதான். இன்னொன்று கேட்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

இப்போது ஃப்ரீஸரில் ஒரு லிட்டர் டப்பா உட்கார்ந்திருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு, ஒரே ஒரு கரண்டி என்று சொல்லிக்கொண்டு திறக்கிறோம். ஓரத்தில் கொஞ்சம் இளகியிருக்கிறதே என்று அதை வழிக்கிறோம். அப்புறம் மேடு பள்ளமாக இருக்கிறதே என்று சமன் செய்கிறோம். சிரிக்காதீர்கள், நானும் செய்தவள்தான். மனக்கட்டுப்பாடு இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குச்சி ஐஸ் எங்கே முடிகிறது என்று குச்சியே சொல்லிவிடும். டப்பா அப்படிச் சொல்வதில்லை. அதனால், எவ்வளவு சாப்பிடுவது என்பதைச் சாப்பிடும் நேரத்தில் அல்ல, உறைய வைக்கும் நேரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இதற்கு நான் வைத்திருப்பது 60 மில்லி பிடிக்கும் குல்பி அச்சு. பாத்திரக் கடையில் கிடைக்கும். அச்சு இல்லையென்றால் சின்னப் பேப்பர் கப் ஒவ்வொன்றிலும் நான்கு மேஜைக்கரண்டி ஊற்றுங்கள், அதே அளவுதான்.

இப்போது மாம்பழக் காலம், மாம்பழத் தயிர் குல்பியையே எடுத்துக்கொள்வோம். பங்கனபள்ளி இரண்டு வாங்கினால் 300 கிராம் சதை தாராளமாகக் கிடைக்கும். இமாம்பசந்த் கிடைத்தால் இன்னும் விசேஷம், ஆனால் அதை அரைக்க எனக்கு மனசு வராது. நாட்டு மாம்பழம் என்றால் நார் இருக்கும், அரைத்து வடிகட்டிவிடுங்கள். நறுக்கித் தட்டில் வைக்க முடியாத அளவுக்குக் கனிந்துபோன பழம் ஒன்று வீட்டில் இருக்குமே, அதுதான் இதற்குச் சரியான பழம். பழம் எவ்வளவு கனிகிறதோ அவ்வளவுக்குச் சர்க்கரை டப்பாவைத் தொட வேண்டியதில்லை.

அடுத்தது தயிர். அரை லிட்டர் பாலில் உறைய வைத்த, புளிக்காத தயிர். மெல்லிய துணியில் போட்டு, வடிகட்டியின் மேல் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். இந்த வெயிலில் வெளியே தொங்கவிட்டால் காலையில் புளித்திருக்கும். தண்ணீர் வடிந்து 200 கிராம் அளவுக்குக் கெட்டியான தயிர் நிற்கும். வடிந்த தண்ணீரை மோரில் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரை ஏன் இப்படி விரட்டுகிறோம் என்றால், தண்ணீர்தான் ஐஸ் துகளாகிப் பல்லில் நறநறக்கும்.

சர்க்கரை விஷயத்தில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். ஆரோக்கியம், ஆரோக்கியம் என்று ஒரு துளிகூடச் சேர்க்காமல், தயிரையும் வடிக்காமல் உறைய வைத்தேன். கருங்கல். பேரன் ஒரு கடி கடித்துவிட்டு, "பாட்டி, சுத்தியல் இருக்கா?" என்றான். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. அது கரைந்திருக்கும் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் முழுவதும் உறைந்துவிடாது. அங்கங்கே பாகாகவே தங்கி மிருதுவாக வைக்கும். கடை ஐஸ்கிரீமுக்கு இதோடு காற்றும் துணை. நம் நாட்டு விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் இருந்தால் போதும். அப்படியானால் கிட்டத்தட்ட பாதி டப்பா காற்று! காற்றை அடித்து ஏற்ற நம் வீட்டில் இயந்திரம் இல்லை. அதனால் சர்க்கரையை அடியோடு நிறுத்தாமல் இரண்டு டீஸ்பூன் மட்டும் போட்டு, கூடவே கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழத்தில் பாதியைச் சேர்த்து, மாம்பழம், தயிரோடு அரைக்கிறேன். வாழைப்பழம் வழுவழுப்பைக் கொடுக்கும்.

ஒரு சிட்டிகை உப்பும் ஏலக்காயும் சேர்த்து, அரைத்ததை நாக்கில் வைத்துப் பாருங்கள். சற்றே தித்திப்பு தூக்கலாக இருந்தால்தான் சரி. குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டே தெரியும். அளவாக இனித்த கலவை உறைந்ததும் சப்பென்று ஆகிவிடும். தூக்கலாக இல்லையென்றால் சர்க்கரைக்குப் போகாமல் இன்னும் இரண்டு துண்டு மாம்பழம் போடுங்கள்.

இதில் ஒன்பது அச்சு வரும். ஒன்றுக்கு ஏறக்குறைய 55 கலோரி. நாம் போட்ட சர்க்கரை அதில் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். பழத்தின் சொந்தச் சர்க்கரை ஒரு 5 கிராம். வழக்கமான வெனிலா ஐஸ்கிரீம் 100 கிராமுக்கு 200 கலோரி அளவில் இருக்கும். அதற்காக நம் குல்பியை நான்கு சாப்பிட்டால் கணக்கு அங்கேயே போய் நிற்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை அன்றைய பழக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பழமும் சாப்பிட்டுவிட்டு இதுவும் என்றால் சரிவராது.

மாம்பழம் ஓய்ந்ததும் அன்னாசிக்குத் தாவுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேகவைக்காத அன்னாசியைத் தயிரோடு அரைத்து வைத்தால் கசந்துவிடும். அதிலுள்ள புரோமலின் என்ற நொதி பால் புரதத்தைப் பிய்த்துப் போடுவதால் வரும் கசப்பு அது. ஃப்ரீஸரில் வைத்தாலும் அந்த நொதி அழியாது. துண்டுகளை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் தொல்லை இல்லை. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், அச்சில் ஊற்றினால் வெறும் ஐஸ்கட்டிதான். அதை அகலமான தட்டில் ஊற்றி, உறைய உறைய முள்கரண்டியால் சுரண்டிவிட்டால் பூப்பூவாக வரும், எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம். எதற்கும் நேரமில்லையா, விதையில்லாத திராட்சையைக் கழுவித் துடைத்து அப்படியே ஃப்ரீஸரில் போடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள், முழுசாகத் தொண்டையில் சிக்கும்.

அச்சில் ஊற்றியதும் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள், உறையும்போது மேலே எழும்பும். மூடி வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் மீன் வாசனை ஏறிவிடும். ஆறேழு மணி நேரம் ஆகும், ராத்திரி வைத்துவிட்டுக் காலைவரை மறந்துவிடுவது நல்லது. சாப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன் வெளியே எடுத்து, அச்சைக் குழாய்த் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் நழுவி வந்துவிடும். இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு அவசியமே வந்ததில்லை, ஆள் ஆறு, அச்சு ஒன்பது. மீதி மூன்றுக்கு நடக்கும் பஞ்சாயத்தை இன்னொரு நாள் சொல்கிறேன்.

வணக்கம்.