ஃபார்முலாவில் உள்ள பெயரை எடுத்துவிட்டு செல் முகவரியைக் கொண்டுவருவது எப்படி?

[திரையில்: எக்செல் ஷீட். ஏ நெடுவரிசையில் ஊர்கள், பி நெடுவரிசையில் விற்பனை.]

வணக்கம். இது குடியாத்தம் லுங்கியை ஊர் ஊராகப் போடும் ஒரு மொத்த வியாபாரக் கணக்கின் மாதிரி. தொகைகள் நான் போட்டவை. ஷீட்டில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, நான் தமிழில் வாசிக்கிறேன். 2ஆவது வரியிலிருந்து வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி. 10ஆவது வரியோடு சரி.

கீழே மொத்தம் வரும் செல்லைப் பாருங்கள். =சம்(வேலூர்). இங்கே 'வேலூர்' என்பது பி நெடுவரிசையில் சில செல்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்த 'வேலூர்' எந்த வரியில் ஆரம்பித்து எந்த வரியில் முடிகிறது? ஃபார்முலாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பெயரை முகவரியாக மாற்றப் போகிறோம்.

முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

பலர் நேராகப் பெயரை டெலீட் செய்துவிடுகிறார்கள். செய்தால் எக்செல் தானாக முகவரியைப் போட்டுக்கொள்ளாது; அந்தப் பெயர் இருந்த ஃபார்முலா எல்லாம் 'நேம்' எரர் காட்டும். இன்னும் சிலர் ஃபார்முலாவில் பெயரை மட்டும் செலக்ட் செய்து எஃப்9 தட்டுவார்கள். அப்போது வருவது முகவரி அல்ல, உள்ளே இருக்கும் தொகைகள். என்டர் தட்டினால் அவை அப்படியே உறைந்துவிடும். எஸ்கேப் தட்டி வெளியே வாருங்கள்.

[திரையில்: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட். பக்கத்தின் அடிவரை போகிறோம்.]

விண்டோஸ் எக்செலில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளுக்குப் பழகியவர்களுக்காக வைத்த அமைப்பு இன்னும் இங்கே இருக்கிறது. 'டிரான்சிஷன் ஃபார்முலா என்ட்ரி' என்பதில் டிக் போடுங்கள். இது ஷீட்டுக்கு ஷீட் தனி, அதனால் ஃபார்முலா இருக்கும் ஷீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இப்போது மொத்தம் உள்ள செல்லுக்குப் போய் எஃப்2, என்டர். எதையும் மாற்ற வேண்டாம். மற்ற ஃபார்முலாக்களிலும் இதே மாதிரி. முடிந்ததும் மறக்காமல் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

[திரையில்: ஃபார்முலா பாரில் பெயர் இருந்த இடத்தில் பி2 முதல் பி10 வரை.]

பார்த்தீர்களா? பி10 வரை போகிறது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு. மாவட்டக் கணக்கு என்றால் பி5இல் நிற்க வேண்டும். பெயர் மட்டும் தெரிந்தவரை இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது. எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதே இதனால்தான்.

அப்புறம், நிறைய ஃபார்முலா இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்ட முடியாது. கன்ட்ரோல் எஃப்3 தட்டினால் நேம் மேனேஜர் வரும். அதில் பெயருக்கு நேரே உள்ள முகவரியை எடுத்து, கன்ட்ரோல் ஹெச்சில் 'ரீப்ளேஸ்' செய்யலாம். ஆனால் ஏ2இலும் 'வேலூர்' என்று ஊர்ப் பெயர் இருக்கிறதே, அதுவும் மாறிவிடும். அதனால் முதலில் எஃப்5, ஸ்பெஷல், ஃபார்முலாஸ் என்று கொடுத்து ஃபார்முலா செல்களை மட்டும் செலக்ட் செய்யுங்கள். 'வேலூர்_கமிஷன்' என்று இன்னொரு பெயர் இருந்தால் அந்த நீளமான பெயரை முதலில் மாற்றுங்கள். முகவரியில் டாலர் குறி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது வரியும் கூடவே நகர்ந்துவிடும். தொகை வேறு ஷீட்டில் இருந்தால் அந்த ஷீட்டின் பெயரும் ஆச்சரியக்குறியும் முன்னால் வர வேண்டும்.

கடைசியாக, டிராப் டவுன் லிஸ்ட், சார்ட், கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இவற்றிலும் பெயர் ஒளிந்திருக்கும். ரீப்ளேஸ் அங்கே எட்டாது. ஒவ்வொன்றையும் திறந்து கையால் மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு நேம் மேனேஜரில் பெயரை டெலீட் செய்யுங்கள்.