அந்தக் கேசட்டை யாரிடம் கொடுப்பது?

வணக்கம் நேயர்களே.

ஒரு தாய் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். வானம் இருண்டு கிடக்கிறது. காருக்குள் ஒரு வீடியோ டெக், கூடவே ஒரு கேசட். தன் அப்பாவுக்குப் போன் போட்டு, மகனுக்காக ஓர் உதவி வேண்டும் என்று கேட்கிறாள். அந்தக் கேசட்டைப் பார்த்தவர்கள் ஏழே நாளில் செத்துப்போவார்கள். தப்பிக்க ஒரே வழி, அதைக் காப்பி எடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது. சிறு பையன் பார்த்துவிட்டான். அதனால் தாத்தாவுக்குக் காட்டப் போகிறாள். கார் தூரத்தில் சிறிதாகிக்கொண்டே போகிறது. படம் முடிந்துவிடுகிறது.

1998 ஜனவரி 31-இல் ஜப்பானில் வெளியான 'ரிங்கு' படத்தின் கடைசிக் காட்சி இது. கோஜி சுசுகி 1991-இல் எழுதிய நாவலைத் தழுவி ஹிரோஷி தகஹாஷி திரைக்கதை எழுத, ஹிதியோ நகாதா இயக்கினார். நாவலில் கதாநாயகன் ஓர் ஆண் நிருபர். படத்தில் அந்தப் பாத்திரத்தை ரெய்கோ என்ற பெண்ணாக, கணவனைப் பிரிந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயாக மாற்றினார்கள். அப்படி மாற்றியதால்தான் அந்தக் கார் பயணம் இன்றைக்கும் என் நெஞ்சை அடைக்கிறது. தன்னைப் பெற்றவரா, தான் பெற்ற பிள்ளையா? ஒரு மகள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் படம் நம்மை விட்டுவிட்டுப் போகிறது.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஜப்பானில் மட்டும் ஏழெட்டுப் படங்கள் வந்துவிட்டன. அத்தனையையும் பார்த்தவன் நான். ஏன் அவை மனதில் நிற்கவில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இளமையில் சில வருடம் ஒரு வீடியோ லைப்ரரியில் வேலை பார்த்தேன். கேசட் எடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "மாஸ்டர் காப்பியா?" என்றுதான். ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்குக் கம்பி போட்டுக் காப்பி எடுப்போம். ஒரு முறை எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. காப்பியிலிருந்து காப்பி, அதிலிருந்து இன்னொன்று என்று போகப் போக முகத்தில் கோடு விழும், சிவப்பு நிறம் ஓரத்தில் வழியும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். ரெய்கோ தன் முன்னாள் கணவன் ரியூஜிக்காக அந்தக் கேசட்டைக் காப்பி எடுக்கும் இடத்தைப் பார்த்தபோது எனக்கு விரல் நுனி குளிர்ந்துவிட்டது. நான் தினமும் செய்த வேலை அது. அந்தக் கையசைவில்தான் அவள் உயிர் தப்பியது என்பது கடைசியில்தான் அவளுக்கே புரிகிறது.

அந்தக் கேசட்டின் சாபத்துக்குக் காரணமான பேய்ப் பெண் சதாகோ. முதல் படத்தில் அவள் எவ்வளவு நேரம் வருகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவள் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வருவது கடைசிக் கால் மணி நேரத்தில். அதுவும் ஒரே ஒரு முறை. கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகத்தில் பயிற்சி பெற்ற ரியே இனோ என்ற நடிகை பின்புறமாக நடக்க, அதைப் படம்பிடித்துத் திருப்பி ஓட்டினார்கள். அதனால்தான் அந்த நடை மனித நடை மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. முகத்தைக் காட்டவே இல்லை, ஒரு கண் மட்டும். தரையில் ஊன்றும் விரல்களைக் கவனியுங்கள், நகங்கள் இருக்காது. கிணற்றுக்குள் உயிரோடு கிடந்து, கல் சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி ஏறப் பார்த்த விரல்கள் அவை. அவள் பட்ட பாடு முழுவதையும் அந்த விரல்களே சொல்லிவிடுகின்றன.

மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கிறது? நாள் நகர்கிறது. தேதியும் கிழமையும் திரையில் எழுத்தாக வரும். ரெய்கோ ஓஷிமா தீவுக்குப் போகிறாள், பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறாள், யார் யாரையோ கேட்கிறாள். நமக்கும் அவளோடு சேர்ந்து நாள் குறைகிறது. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது டாக்டர் சொன்ன கெடுவை எண்ணிக்கொண்டிருப்போமே, அந்த மாதிரியான பயம்.

சரி, தொடர்ச்சிகளுக்கு வருவோம். முதல் தொடர்ச்சி அதே நாளில் வந்தது. 'ராசென்' என்ற படம், ஜோஜி ஈதா இயக்கியது. சுசுகியின் இரண்டாம் நாவலைப் படமாக எடுத்து, 'ரிங்கு'வோடு ஜோடியாகவே தியேட்டரில் போட்டார்கள். ரியூஜியின் பிணத்தை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் ஒருவரின் கதை. சாபம் என்பது ஒரு வைரஸ், மரபணு வழியாக சதாகோ மறுபடி பிறக்கிறாள் என்று கதை போகிறது. நாவலாகப் படித்தால் சுவாரசியமான யோசனைதான். ஆனால் 'ரிங்கு'வைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருப்பவனிடம் நுண்ணோக்கியை நீட்டினால் அவன் என்ன செய்வான்? பயம் அப்படியே வடிந்துபோகும். அந்தக் கார் எங்கே போனது என்ற ஏக்கத்துக்கும் ஒரு விபத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள். முதல் படம் ஊரையே உலுக்கியது. இதை யாரும் சீண்டவில்லை. தயாரிப்பாளர்களே இதை இல்லாததாக வைத்துக்கொண்டு, மறுபடியும் நகாதாவையும் தகஹாஷியையும் கூப்பிட்டு 1999 ஜனவரியில் 'ரிங்கு 2' எடுத்தார்கள்.

இந்தப் படத்தின்மேல் எனக்குக் கோபமும் உண்டு, பாசமும் உண்டு. தாத்தா இறந்துவிட்டார் என்பது இதில் போகிற போக்கில் தெரியவருகிறது, அவ்வளவுதான். பெற்ற மகள் தன் கையால் கொடுத்தாள், அவர் தெரிந்து பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா? ஒரு முழுப் படத்துக்கான விஷயம் அது. அதைத் தாண்டிப் போய், சதாகோவின் ஆற்றலை நீச்சல் குளத்துத் தண்ணீரில் கரைக்கப் பார்க்கும் ஒரு விஞ்ஞானியைக் கொண்டுவந்தார்கள். கம்பிகள், கருவிகள், அளவுமானிகள். பேயை அளக்கத் தொடங்கிய இடத்தில் படம் நொண்ட ஆரம்பிக்கிறது.

ஆனால் அதே படத்தின் நடுவில் கனாயே என்று ஒரு பள்ளி மாணவி வருகிறாள். அந்தப் பகுதிக்காக மட்டும் 'ரிங்கு 2'வை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். செய்தி சேகரிக்கும் ஓர் இளைஞனுக்காக அவள் அந்தக் கேசட்டைத் தேடிக் கொண்டுவருகிறாள். தானும் பார்த்துவிட்டதாகச் சொல்லி, நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கெஞ்சுகிறாள். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பார்க்கவில்லை. கேசட்டை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறான். அவள் செத்துப்போகிறாள். பிறகு அவளைப் பேட்டி எடுத்த ஒளிப்பதிவை அழிக்கப் போகிறான். திரையில் குனிந்த தலையோடு இருக்கும் அந்தப் பெண்ணின் தலை இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்குகிறது. கூந்தல் வீசுகிறது. நிறுத்தினாலும் நிற்கவில்லை.

இங்கே சதாகோவே இல்லை. கிணறும் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஒருவன், அவனை நம்பிய ஒரு பெண். உண்மையான தொடர்ச்சி இதுதான் என்று நான் நினைக்கிறேன். முதல் படம் நம்மிடம் விட்டுப்போன கேள்வி சதாகோ யார் என்பதா? இல்லை. அந்தக் கேசட்டை யாரிடம் கொடுப்பாய், யாரிடமிருந்து வாங்கிக்கொள்வாய் என்பதுதான் கேள்வி. தொடர்ச்சிகள் கேள்வியை விட்டுவிட்டுப் பேயின் பின்னால் ஓடின.

2000-இல் வந்த 'ரிங்கு 0' சதாகோவின் இளமைக் கதை. நாடகக் குழுவில் கூச்ச சுபாவமுள்ள நடிகையாக அவளைக் காட்டுகிறது. யுகியே நகாமா நடித்திருக்கிறார். அந்தப் படத்தைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சதாகோவின் அம்மா கதைக்கு அடியில் ஒரு நிஜப் பெண் இருக்கிறாள். சிசுகோ மிஃபுனே என்று ஜப்பானில் ஒரு பெண், மூடி வைத்ததைப் பார்க்கும் சக்தி உண்டு என்று நம்பப்பட்டவள். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் ஃபுகுராய் 1910-இல் அவளை வைத்து அறிஞர்கள் முன்னால் சோதனை நடத்தினார். மோசடி என்று பேச்சு எழுந்தது. அடுத்த ஆண்டே விஷம் குடித்து இறந்துபோனாள். அந்தத் துயரத்தின் சாயல் இந்தப் படத்தில் கொஞ்சம் இருக்கிறது.

அதற்கு அப்புறம் வந்தவற்றில் என்னைப் பாதித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஏழு நாட்களை எப்படிச் சுருக்கினார்கள் என்று பாருங்கள். 2012-இல் 'சதாகோ 3டி'யில் சாபம் இணையத்துக்குப் போனது. வீடியோவைப் பார்த்தவுடனேயே சாவு, கெடுவே இல்லை. 2016-இல் சதாகோவையும் 'ஜு-ஒன்' பேய் கயாகோவையும் மோத விட்டார்கள். அதில் கெடு இரண்டு நாள். 2022-இல் 'சதாகோ டிஎக்ஸ்', இருபத்து நான்கு மணி நேரம். பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்று நினைத்துவிட்டார்கள்போல. ஏழு நாள் இருந்ததால்தான் ரெய்கோவால் அலைய முடிந்தது, தேட முடிந்தது, குற்ற உணர்வில் குமைய முடிந்தது. நாளைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது திடுக்கிடல் மட்டும்.

சதாகோவே மெல்ல மெல்ல விளம்பரப் பொம்மை ஆகிப்போனாள். 2012-இல் வெள்ளை உடையும் நீளக் கூந்தலுமாக டோக்கியோ டோமில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க முதல் பந்து வீச வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த படத்துக்கு ஒரு போன் செயலி. தியேட்டரில் போனை அணைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள், காட்சிக்கு ஏற்ப அது அதிரும். கிணற்றில் நகம் பிய்ந்து கிடந்த பெண் அவள். மைதானத்தில் அவளைப் பார்த்து ஜனங்கள் கை தட்டியபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

'ஜு-ஒன்' பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். தகாஷி ஷிமிசு 2000-இல் வீடியோவுக்கென்றே எடுத்த படம். ஒரு சாதாரண வீடு. கணவன் கையால் செத்த கயாகோவின் ஆத்திரம் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. உள்ளே கால் வைத்த எவரும் தப்ப முடியாது. அதே வருடம் வந்த இரண்டாம் வீடியோவின் தொடக்கத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் முதல் வீடியோவின் காட்சிகளையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஆனால் பிறகு தியேட்டருக்கென்று எடுத்த படத்தில் ஓர் இடம் உண்டு. ஒரு பெண் பயந்துபோய்க் கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். குழந்தையில் நாம் எல்லோரும் செய்ததுதானே? போர்வைக்குள் எட்டிப் பார்த்தால் கயாகோ அங்கேதான் இருக்கிறாள். அதற்குமேல் போக இடமே இல்லை. அப்புறம் வந்த படங்கள் போனது அதே வீடு, அதே மாடிப்படி, அதே தொண்டைச் சத்தம். 2014-இல் கதையையே மாற்றி எழுதினார்கள். 2015-இல் இதுதான் கடைசி என்று தலைப்பிலேயே சொன்னார்கள். அடுத்த ஆண்டே சதாகோவோடு மோத அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

ஒரு படத்துக்கு மட்டும் நன்றி சொல்ல வேண்டும். தன் சாவுக் குரல் தன் போனுக்கே வரும் 'சாகுஷின் ஆரி' வரிசையின் மூன்றாம் படம், 2006-இல் வந்தது. சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அழைப்பு வருகிறது. வேறொருவருக்கு அனுப்பிவிட்டால் பிழைக்கலாம். நண்பன் நண்பனுக்கு அனுப்பத் தொடங்குகிறான். படம் சுமார்தான், நடிப்பும் சரியில்லை. ஆனாலும் யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியை அது கையில் எடுத்தது.

ஜப்பானில் எடோ காலம் என்று சொல்லும் பழைய காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இரவில் கூடி உட்கார்ந்து நூறு திரி ஏற்றி வைப்பார்கள். ஆளுக்கொரு பேய்க் கதை. ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு திரியை அணைப்பார்கள். நூறாவது அணைந்தால் நிஜமாகவே ஏதோ வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திவிட்டு, விடிகிறவரை அந்த ஒற்றைத் திரி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். அந்தக் கார் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசித் திரி ஞாபகம் வரும். நகாதாவே 2002-இல் சுசுகியின் இன்னொரு கதையை எடுத்தார். கூரையில் தண்ணீர் ஊறும் ஒரு பழைய அடுக்குமாடி வீடு, ஒரு தாய், ஒரு மகள், ஒரு சிவப்புப் பை. நல்லவேளை, அதற்கு இரண்டாம் பாகம் எடுக்கவில்லை.

போன மாதம் என் அக்கா மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். 'ரிங்கு'வைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த பாகம் இருக்கா மாமா?" என்றாள். இருக்கிறது, ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போன மூன்றாம் நாள் ராத்திரி போன் செய்தாள். சாப்பிட்டீர்களா, அத்தை எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, அந்தத் தாத்தாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் காட்டியிருப்பாளா, இல்ல சொல்லாமலேயா?"