முதலாம் இடமும் கடைசி வாய்க்காலும்

நேயர்களுக்கு வணக்கம். புள்ளிவிபரக் கிளையில் முப்பது வருடம் இருந்த ஆளைப் பேசக் கூப்பிட்டால் எண்தான் வரும். ஆனால் அட்டவணை வாசிக்கக் கூடாது என்று வானொலி நிலையத்தார் முதலே எச்சரித்துவிட்டார்கள். சரி, ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2024 பங்குனி மாதம். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிற நேரம் சுவிஸிலிருந்து சித்தி மகன் எடுத்தான். "அண்ணை, செய்தி பார்த்தியளே? நாங்கள் உலகத்திலேயே முதலாம் இடம்!"

கிரிக்கெட்டாக்கும் என்று நினைத்தேன். விசயம் அதுவல்ல. ஐக்கிய நாடுகள் சபை வெளியிடுகிற மனித அபிவிருத்திச் சுட்டியில் சுவிற்சர்லாந்து முதலாவதாம். "அப்ப நாங்கள் எத்தனையாவது?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டான்: "எந்த நாங்கள்?"

இலங்கை அந்தப் பட்டியலில் 78ஆவது. அது கிடக்கட்டும். அன்றைக்கு எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் அந்த "எந்த நாங்கள்".

இவன் 1985இல் போனவன். ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே குசினியில் சமையல்காரனாகி, இப்போது ஓய்வூதியத்தை எட்டிப் பார்க்கிறான். நிரந்தர வதிவிட அனுமதி இருக்கிறது, குடியுரிமை எடுக்கவில்லை. அந்த நாட்டில் வருடத்துக்கு மூன்று நாலு தடவை சனத்திடம் வாக்குக் கேட்பார்கள், வரியிலிருந்து வாகனப் பாதை வரைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வாக்குப் போடுவாள், தகப்பன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். முடிவு வந்த பிறகு எனக்குச் சொல்வான்: "அவங்கள் வேண்டாம் என்று போட்டிட்டாங்கள் அண்ணை." பட்டியல் வந்தால் "நாங்கள்". வாக்கெடுப்பு வந்தால் "அவங்கள்". சுவிஸில் இருப்பவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் குடியுரிமை இல்லாதவர்கள். முதலாம் இடத்தைப் பிடித்த அந்தக் கணக்கில் இவர்களும் அடக்கம். நேயர்கள் இதை ஒரு பக்கம் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

இந்தச் சுட்டி 1990இல் வந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் தொடக்கி வைத்தார். அமர்த்தியா சென்னும் கூட நின்றவர். ஒரு நாட்டுச் சனத்தின் வாழ்வை ஒற்றை எண்ணுக்குள் அடக்குவதாவது என்று சென் முதலில் தயங்கினாராம். தேசிய வருமானம் என்ற மொட்டை எண்ணை விழுத்த வேண்டுமென்றால் இன்னொரு மொட்டை எண்தான் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். பார்ப்பது மூன்று விடயம்: இன்று பிறக்கும் பிள்ளை எத்தனை வயது வரை இருக்கும், சனம் எத்தனை வருடம் படிக்கிறது, தலைக்கு எவ்வளவு வருமானம். அவ்வளவுதான்.

படிப்புக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் சராசரியாக எத்தனை வருடம் படித்தார்கள் என்று பார்க்கிறார்கள். எங்கே படித்தார்கள் என்று பார்ப்பதில்லை. கிளிநொச்சியில் ஒரு பிள்ளை உயர்தரம் வரை 13 வருடம் படிக்கிறது. கொட்டில் வகுப்பு, இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம், இலவசப் பாடநூல், சம்பளம் பிந்தின ஆசிரியர். பிறகு கனடாவுக்குப் போகிறது. அந்த 13 வருடமும் கனடாவின் கணக்கில் ஏறிவிடும். 1994 தொடக்கம் 2000 வரை இந்தப் பட்டியலில் கனடாதான் முதலாவது. பெருமைப்பட்ட கனடாக்காரருக்கு நாங்களும் கொஞ்சம் புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. முழுக்கப் பகிடியும் இல்லை.

வந்தேறுகுடிகள் வந்தால் நாட்டின் தரம் இறங்கிவிடும் என்று எல்லா நாட்டிலும் ஒரு கூட்டம் சொல்லும். பட்டியல் அப்படிச் சொல்லவில்லை. சுவிஸிலும் அவுஸ்திரேலியாவிலும் பத்துக்கு மூன்று பேரளவில் வேறு நாட்டில் பிறந்தவர்கள். இரண்டும் மேல் வரிசைதான். அதற்காக, வந்தவர்களால்தான் உயர்ந்தது என்றும் துள்ள முடியாது. நல்லாயிருக்கிற இடத்தைத் தேடித்தானே சனம் போகிறது? எது முன், எது பின் என்று பிரிப்பது கஷ்டம். வந்த ஆளை எங்கே இருத்துகிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

இதற்குச் சுவிஸ் வரைக்கும் போகத் தேவையில்லை. இரணைமடுவுக்கு வாருங்கள்.

குளத்தில் 36 அடி தண்ணீர் நிற்கிறது, வான் பாய்கிறது என்று செய்தி வந்தால் கிளிநொச்சி முழுக்கச் சந்தோசம். ஆனால் மழை குறைந்த சிறுபோகக் காலத்தில் கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருக்கிறவரைக் கேளுங்கள். வாய்க்கால் தலைப்பில் இருப்பவர் பாத்தி நிரம்ப விட்டுவிட்டுப் படுப்பார். இவர் விடிய இரண்டு மணிக்கு ரோச் லைட்டும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கட்டில் நடந்து திரிவார், வழியில் யார் மறித்திருக்கிறார்கள் என்று பார்க்க. ஏக்கருக்குச் சராசரி எவ்வளவு தண்ணீர் என்று என்னைக் கேட்டால் நான் அழகாகப் பிரித்து எழுதித் தருவேன். அந்தத் தாளைக் கொண்டுபோய் வயலில் ஊற்ற ஏலுமா?

ஐ.நா.வுக்கும் இது தெரியும். 2010இலிருந்து ஏற்றத்தாழ்வைக் கழித்து இன்னொரு சுட்டியும் போடுகிறார்கள். அதில் ஐஸ்லாந்து, நோர்வே போன்றவை அதிகம் இறங்குவதில்லை. பிரேசிலும் தென்னாபிரிக்காவும் பொத்தென்று விழும். நல்ல திருத்தம்தான். ஆனால் கடைசி வாய்க்காலில் தண்ணீர் குறைவு என்று மட்டும்தான் அது சொல்லும். அங்கே இருப்பது யார், ஏன் அவர் எப்போதும் அங்கேயே இருக்கிறார் என்று சொல்லாது.

2012 குடிசன மதிப்பீட்டின்போது மேற்பார்வைக்காக ஒரு கிராமத்துக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கிரவல் மேடு, தகரக் கொட்டில்கள், முற்றத்தில் ஒரு முருங்கை. ஒரு ஆச்சி பிளேன்ரீயும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் தந்தார். மலைநாட்டில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு லொறியில் வவுனியாவுக்கு வந்து, பிறகு கிளிநொச்சி. 2009இல் எல்லாச் சனத்தோடும் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்தவர். படிவத்தில் இனம் என்ற இடம் வந்ததும் கணக்கெடுத்த பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. ஆச்சி என்னைக் கேட்டார்: "நாங்க என்னாங்க ஐயா போடணும், இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா?"

நாங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். அதைச் சொன்னேன். ஆச்சி சிரித்துவிட்டு, "நாங்க வந்த சனங்கதானே ஐயா" என்றார். வந்து 35 வருடம். 1948இல் ஒரு சட்டம் அவருடைய சனத்தின், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பரம்பரையின், குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கை, இந்தியத் தலைவர்கள் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 2003இல்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது. அதற்கிடையில் ஒரு ஆயுள் போய்விட்டது. கடைசியில் எந்தக் கூட்டில் புள்ளடி போட்டார் என்பது இரகசியம், நான் சொல்லக் கூடாது. ஆனால் 1981இல் வவுனியா மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இந்தியத் தமிழர் என்று பதிந்திருந்தார்கள். 2012இல் அந்தத் தொகை மிகச் சிறிது. கொஞ்சப் பேர் அகதியாக இந்தியாவுக்குப் போனார்கள். மிச்சப் பேர் இங்கேயேதான் இருக்கிறார்கள், கூடு மாறி.

அதே கிராமத்துக்கு முன்னால், பெரிய வாய்க்கால் ஓரம், தோட்டமும் வயலுமாக இருக்கிறவர்கள் யார்? "நாங்கள் இந்த ஊர் ஆக்கள்" என்பார்கள். கிளிநொச்சி 1936இல் யாழ்ப்பாணத்துச் சனநெருக்கத்தைக் குறைக்க உண்டாக்கின குடியேற்றம். என் அப்பு வடமராட்சியிலிருந்து சைக்கிளில் ஒரு பெட்டியும் பாயும் கட்டிக்கொண்டு 1952இல் வந்தவர். ஆச்சிக்கும் அப்புவுக்கும் 25 வருட வித்தியாசம். அப்புவுக்கு வயலும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரமும் கிடைத்தன. ஆச்சியிடம் நான் போன அன்று இருந்தது, ஒரு அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் போட்டோப் பிரதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரைத் தடியில் செருகி வைத்திருந்தார். பங்கரில் இருந்தபோது எங்களுக்குள் வித்தியாசம் இருக்கவில்லை. நிவாரண வரிசையிலும் இருக்கவில்லை. காணி பகிர்ந்து கொடுக்கக் காணிக் கச்சேரி வைக்கிற அன்றுதான் யார் ஊரான், யார் வந்தான் வரத்தான் என்று எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. இதைச் சொல்வதால் என்னைப் பிடிக்காத உறவுக்காரர் இருக்கிறார்கள். நேற்றும் ஒருவர் முறிகண்டியில் கச்சான் வாங்குகிற இடத்தில் கண்டும் காணாமல் போனார்.

சித்தி மகன் சுவிஸில் "வந்த ஆள்". இங்கே "ஊர் ஆள்". இரண்டு கதிரையிலும் இருந்து பார்த்தவன் என்பதால் இதை அவனிடம் சொன்னேன். அவன் இருக்கிற நாட்டில் 2003 வரை சில ஊர்களில் ஒரு வெளிநாட்டுக்காரருக்குக் குடியுரிமை கொடுக்கலாமா என்று ஊரே இரகசிய வாக்குப் போட்டு முடிவெடுத்தது. பெயரைப் பார்த்தே மறுக்கிறார்கள் என்று வழக்குப் போய், உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. "எங்கட ஊரிலயும் அப்பிடி வாக்கு வைச்சா, ஆச்சிக்குக் கிடைக்குமோ அண்ணை?" என்றான். நான் பேச்சை மாற்றினேன்.

கண்ணாடிக்கு அங்கால் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். வளைகுடாவுக்கு ஒரு பெரிய பகுதி எழுதி வந்தேன், தாளை மடிக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும்: அதே 2024 பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகம் 17ஆவது. அங்கே இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்ட வெளியிலிருந்து வந்தவர்கள். இளமையும் உழைப்பும் அந்த நாட்டுக் கணக்கில். முதுகு வலி வந்து வேலை முடிந்தால் ஆள் விமானத்தில் ஏறி எங்கள் கணக்குக்கு வந்துவிடுவார். எங்கள் ஊர்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போய் வந்த பெண்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று, மகிழ்ச்சிப் பட்டியல். பத்துப் படி உள்ள ஏணியில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்டுப் போடுவது. 2018இல் குடிவந்தவர்களைத் தனியாகப் பிரித்து 117 நாடுகளை வரிசைப்படுத்தினார்கள். அதிலும் முதலாவது பின்லாந்து, நாட்டவரின் வரிசையிலும் பின்லாந்து. ஊர்ச்சனம் திருப்தியாக இருக்கிற இடத்தில் வந்த சனமும் ஏறக்குறைய அதே படியில்தான் நிற்கிறது. ஏன் என்று சொல்லத்தான் அந்த மிச்ச நாலு தாள்...

சிவப்பு லைட் மினுங்குகிறது. சுவிஸில் இருக்கிற தம்பி, நீ இதை இணையத்தில் கேட்டுக்கொண்டிருப்பாய். அங்கே இப்ப நடுச்சாமம் தாண்டியிருக்கும், போய்ப் படு. நேயர்களே, வணக்கம்.