பால் இல்லாத அடுப்படியில் மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடு, கோழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மீன், இறால், நண்டு, முட்டை, பருப்பு, காய்கறி என்று சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். பெஸ்கட்டேரியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்குப் பாலையும் விட வேண்டி வருகிறது. அப்படி வருகிறவர்களுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "பாலுக்குப் பதிலாக எதை வாங்கலாம்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்பேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சமையலில் பால் என்ன வேலை செய்துகொண்டிருந்தது? சூப்பைக் கெட்டியாக்கியதா? காரத்தைத் தணித்ததா? புளிப்பைத் தந்ததா? இல்லை, உடம்புக்குக் கால்சியம் தருவதற்காக மட்டும் இருந்ததா? வேலை தெரிந்துவிட்டால் அதைச் செய்ய ஆள் கிடைத்துவிடும். மீன் சாப்பிடுகிற வீட்டில் பெரும்பாலும் அந்த ஆள் மீனாகவே இருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவர்கள் ஒரு வகை. சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி குறைந்துவிடுவதால் வருவது இது. உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டோஸ் முழுமையாகச் செரிப்பதில்லை. இவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிரோ வெண்ணெயோ தொந்தரவு செய்யாது. இன்னொரு வகை, பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். இவர்களுக்குக் கடுகளவும் கூடாது. நெய்யில்கூட அந்தப் புரதம் துளி தங்கியிருக்கலாம். நீங்கள் எந்த வகை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தானாக முடிவு கட்ட வேண்டாம். இன்னொன்று, முட்டை பால் பொருள் இல்லை. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பலர் அதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

சரி, கால்சியத்துக்கு வருவோம். எல்லோருக்கும் இருக்கிற பயம் அதுதான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 700 முதல் 1000 மில்லிகிராம் வரை வேண்டும் என்று நாட்டுக்கு நாடு சற்று மாறுபட்ட கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தம்ளர் பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கும். இப்போது மீனுக்கு வாருங்கள். முள் நீக்கிய மீன் துண்டு 100 கிராம் சாப்பிட்டால் பொதுவாக 10, 20 மில்லிகிராம்தான் கிடைக்கும். அதே 100 கிராம் மத்தி, டின்னில் முள்ளோடு வருகிறதே, அதைச் சாப்பிட்டால் சுமார் 380 மில்லிகிராம். இரண்டும் மீன்தான். வித்தியாசம் முழுவதும் முள்ளில் இருக்கிறது.

நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயம் இது. முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள். பெரிய மீனின் நடுமுள்ளைக் கடித்துத் தின்னச் சொல்லவில்லை. நெத்திலி மாதிரி முழுசாகச் சாப்பிடக்கூடிய பொடி மீன்கள், டின்னில் வரும் மத்தி, சால்மன், இவற்றின் முள் மெத்தென்று இருக்கும், விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். பொடி மீனின் முள்ளில் உள்ள கால்சியத்தை உடம்பு பாலில் இருப்பதைப் போலவே உறிஞ்சிக்கொள்கிறது என்று ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். கீரைகளிலும் கால்சியம் உண்டு. ஆனால் பசலை போன்ற கீரைகளில் ஆக்ஸாலிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்புக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

பச்சை மத்தி கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். சுத்தம் செய்து, புளிக்கரைசலோ வினிகரோ ஊற்றி, வெங்காயம், மிளகு, உப்பு போட்டு, குக்கரில் சிறு தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். புளிப்பும் அழுத்தமும் சேர்ந்து முள்ளை இளக்கிவிடும். ஆறினதும் எடுத்து, வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை சேர்த்து வடை போலத் தட்டிப் பொரித்தெடுக்கலாம். முள் இருப்பதே தெரியாது. முள்ளுக்குப் பயந்து மீன் பக்கமே வராத குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

கால்சியத்தோடு முடியவில்லை. வைட்டமின் டி, பி12, அயோடின் எல்லாம் பாலை விட்டால் குறையுமோ என்று கேட்பார்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களில் வைட்டமின் டி இருக்கிறது. பி12 மீனில் தாராளமாக இருக்கிறது. அயோடின் கடல் மீனில் இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு பாலையும் விடுகிறவர்களுக்கு இருக்கிற கவலை உங்களுக்குப் பாதிகூட இல்லை.

அடுத்து, எனக்கு மிகப் பிடித்த இடம். க்ரீம் போட்ட மீன் சூப் போனதே என்று வருத்தப்படுகிறவர்களுக்காக இதை நிதானமாகச் சொல்கிறேன். பால் ஒரு சொட்டு இல்லாமல் பால் நிறத்தில் சூப் வைக்க முடியும். மீன் தலையையும் நடுமுள்ளையும் நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி எடுங்கள். சட்டியில் இரண்டு மூன்று கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமாக வறுங்கள். பக்கத்து அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கொதிநீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதிநீர்தான். தீயைக் குறைக்காமல் கால் மணி நேரம் விடாமல் கொதிக்க விடுங்கள். கண்ணெதிரே தண்ணீர் வெளுத்துக்கொண்டே வரும்.

ஏன் வெளுக்கிறது? எண்ணெயும் மீன் கொழுப்பும் கொதியின் வேகத்தில் பொடிப்பொடித் துளிகளாக உடைகின்றன. முள்ளிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்குகிற ஜெலட்டின் அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தாங்கிப் பிடிக்கிறது. பாலும் இதே வழியில்தான் வெள்ளையாக இருக்கிறது, கொழுப்புத் துளிகளும் புரதமும் நீரில் மிதந்துகொண்டு. அதனால்தான் இந்தச் சூப் நாக்கில் பால் போலவே வழுவழுவென்று படுகிறது. வடிகட்டி, உருளைக்கிழங்கு, சோளமணி, வெங்காயத்தாள் போட்டு வேகவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் மீன் துண்டுகளைச் சேர்த்து மிளகு தூவி இறக்குங்கள். கனமாக வேண்டுமென்றால் வெந்த கிழங்கில் இரண்டை மசித்துவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம். மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மீன் முள் கசக்கும். ஆட்டெலும்பு சூப் போல இதை நினைக்கக் கூடாது.

இறால் வாங்கினால் தலையும் ஓடும் குப்பைக்குப் போகிறது. போக வேண்டாம். எண்ணெயில் வறுத்தால் அதன் சிவப்பு எண்ணெயில் இறங்கும். அந்த நிறம் கொழுப்பில்தான் கரையும். அந்த எண்ணெயில் தக்காளியும் பூண்டும் வதக்கி, வேகவைத்த வெள்ளை பீன்ஸை அரைத்து ஊற்றினால், க்ரீம் சாஸ் கேட்கிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நூடுல்ஸோ பாஸ்தாவோ அதில் புரட்டலாம்.

தேங்காய்ப்பால் எல்லோரும் அறிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் பாலில் மீனை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரிந்துபோகும். தேங்காய்ப்பாலில் கால்சியம் அவ்வளவாக இல்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். கெட்டித்தன்மையும் ருசியும்தான் அதன் வேலை. பாலின் எல்லா வேலையையும் ஒரே பொருளின் தலையில் கட்டாதீர்கள்.

சீஸுக்கு என்ன செய்வது என்று இளைஞர்கள் கேட்பார்கள். சீஸ் தருகிற அந்த அடிநாக்கு ருசிக்குக் காரணம் குளுட்டமேட். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கிகுனே கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, உமாமி என்று பெயர் வைத்தார். மீனில், குறிப்பாகக் காய்ந்த மீனில், இனோசினேட் என்ற வேறொரு ருசிப்பொருள் இருக்கிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும். ஆகவே தக்காளி, காளான், சோயா சாஸ், இவற்றோடு காய்ந்த நெத்திலி. நெத்திலியை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்த ரொட்டித் தூளோடும் பூண்டோடும் கலந்து ஒரு சீசாவில் வைத்துக்கொள்ளுங்கள். சீஸ் துருவுகிற இடத்தில் எல்லாம் இதைத் தூவலாம். ரொட்டியில் பால் சேர்க்கவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலும் முள் உள்ளே போகிறது, கவனித்தீர்களா?

பார்த்துக்கொள்வது என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பால் புரத ஒவ்வாமை உள்ள ஒரு பையனின் அம்மா என்னிடம் வந்தார். வீட்டில் பால் வாசனையே கிடையாது. பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஆனாலும் பையனுக்கு அவ்வப்போது உடம்பெல்லாம் தடிப்பு. சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது இருவரும் உட்கார்ந்து அதை வரிவரியாகப் பார்த்தோம். தடிப்பு வந்த நாட்களிலெல்லாம் டின் சூரை மீன் இருந்தது. மீன் ஒவ்வாமை என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் பச்சைச் சூரை சாப்பிட்ட நாட்களில் ஒன்றுமில்லை. டின்னைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். கேசின். பால் புரதம். மீன், உப்பு, தண்ணீர் தவிர எதுவும் இருக்காது என்று நாம் நினைக்கிற பொருளில் அது இருந்தது. எல்லா டின்னிலும் இருக்காது. சிலவற்றில் சேர்க்கிறார்கள். அந்த டின்னை நிறுத்தியதும் தடிப்பு நின்றது. அந்த அம்மா அதன் பிறகு உப்புப் பொட்டலத்தைக்கூடத் திருப்பிப் படிப்பதாகச் சொன்னார். படிக்கட்டும், நல்லதுதான்.

கேசின், வே (பால் திரிந்ததும் பிரிகிற நீரில் உள்ள பால் புரதம்), பால் பவுடர், இந்த மூன்று பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிடும்போது சுட்ட மீன் பாதுகாப்பானது என்று நினைப்போம். இறக்குமுன் பளபளப்புக்கு வெண்ணெய் தடவியிருப்பார்கள். பொரித்த மீனின் மாவில் மோர் கலந்திருப்பார்கள். கவிச்சி போக மீனைப் பாலில் ஊறவைக்கிற வழக்கமும் சில அடுப்படிகளில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டில் கவிச்சிக்கு எலுமிச்சையோ புளியோ வினிகரோ போதும். கவிச்சி நாற்றத்தைத் தருகிற பொருளை அமிலம் ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. அங்கே பாலுக்கு வேலையே இல்லை.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். காலை உணவும் இனிப்பும் இன்னும் பாக்கி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் கஞ்சிக்கு எள்ளை வறுத்துப் பொடித்துப் போடுங்கள். தோலோடு உள்ள எள் ஒரு மேசைக்கரண்டியில் 85 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தோல் நீக்கியதில் அவ்வளவு இல்லை. சோயா பால் வாங்கினால் கால்சியம் சேர்த்ததா என்று பாருங்கள். சேர்த்ததாக இருந்தால் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், கால்சியம் அடியில் தங்கிவிடும். இனிப்புக்கு முந்திரி விழுதும் தேங்காய்ப்பாலும்.

இன்னொன்று முக்கியம். மூன்று வேளையும் மீன் வேண்டாம். பருப்பு, முட்டை, பீன்ஸ் எல்லாம் நடுவில் வரட்டும். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அது குறைவு. நான் முள்ளோடு சாப்பிடச் சொன்னதும் அதே சின்ன மீன்களைத்தான்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைப் பற்றிப் பேச நேரம் இல்லை. அந்த மத்தி வடை மறுநாளும் நன்றாக இருக்கும், ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கட்டிக்கொடுங்கள். நன்றி, வணக்கம்.