எக்ஸ்டர்ன் ஹெடரில்தான் இருக்க வேணும்

நடுவர் ஐயாவுக்கும் கோயமுத்தூர் மக்களுக்கும் வணக்கமுங்க. சி மொழி நிரலில் பல கோப்புகளும் பயன்படுத்தும் குளோபல் மாறியை அறிவிக்க ஏற்ற இடம், எல்லாக் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் பொது அறிவிப்புக் கோப்பான ஹெடரா, அவரவர் கோப்பா என்பது தலைப்பு. 'இந்த மாறி வேறு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லும் அறிவிப்புதான் எக்ஸ்டர்ன். "எனக்கு வேண்டிய மாறிக்கு என் கோப்பிலேயே ஒரு எக்ஸ்டர்ன் வரி எழுதிக்கொள்கிறேன், ஹெடர் எதற்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார் எதிரணித் தலைவர். கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்காமல் பங்காளிகள் ஆளுக்கொன்று கையால் எழுதினால், முகூர்த்த நேரம் எல்லாவற்றிலும் ஒன்றாகவா இருக்கும்?

நம்ம ஊர் சரக்கையே எடுத்துக்கொள்வோம். பம்ப்செட் கன்ட்ரோலருக்கு ஒரு நிரல். தொட்டியின் நீர்மட்டத்தை பம்ப்.சி கோப்பு 'இன்ட்', அதாவது முழு எண், என்று வரையறுக்கிறது. டிஸ்ப்ளே.சி கோப்பில் நம் நண்பர் கையால் எழுதிய 'எக்ஸ்டர்ன் இன்ட்'. பிறகு ஒருவர் பம்ப்.சியில் அதை 'ஃப்ளோட்', அதாவது தசம எண், ஆக்குகிறார். டிஸ்ப்ளே பக்கம் யாரும் போகவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். அவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பெயரைப் பொருத்தும், வகையைக் கேட்காது. இரண்டும் வாயே திறக்காது. மட்டம் 25.0 சென்டிமீட்டர் இருக்கும்போது 32 பிட் கன்ட்ரோலரின் திரையில் என்ன வரும் தெரியுங்களா? 1103626240! ஃப்ளோட்டின் பிட்டுகளை அப்படியே முழு எண்ணாகப் படித்த கோலம். ஆழியாறு அணைக்கே அந்த ஆழம் கிடையாதுங்க.

அந்த எக்ஸ்டர்ன் வரி பம்ப்.எச் ஹெடரில் இருந்து, மாறியை வரையறுக்கும் பம்ப்.சியும் அதை இன்க்ளூட் செய்திருந்தால், வகை முரண்படுகிறது என்று கம்பைலர் அன்றைக்கே பிடித்திருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பயன்படுத்தும் கோப்புகளில் ஹெடரைச் சேர்ப்பார்கள், வரையறுக்கும் கோப்பில் விட்டுவிடுவார்கள்.

அடுத்து வந்த தம்பி, "எக்ஸ்டர்னே இல்லாமல் ஹெடரில் 'இன்ட் மட்டம்' என்று போட்டாலும் காலங்காலமாக ஓடுதே, இன்க்ளூட் கார்டும் இருக்கே" என்றார். கார்டு தடுப்பது ஒரே சி கோப்பில் ஹெடர் இரண்டு முறை நுழைவதைத்தான், தம்பி. இரண்டு சி கோப்புகள் சேர்த்தால் இரண்டு வரையறை. ஜிசிசி என்ற கம்பைலரின் பழைய பதிப்புகள் அவற்றைச் சத்தமில்லாமல் ஒன்றாக்க விட்டன, அதனால் ஓடியது. 2020இல் வந்த ஜிசிசி 10 முதல், கேட்டு வாங்கினால்தான் அந்தச் சலுகை. இல்லாவிட்டால் லிங்கர் பிழை சொல்லி நின்றுவிடும்.

ஒரே கோப்புக்குள் புழங்கும் மாறிக்கு 'ஸ்டேட்டிக்' போட்டால் போதும், ஹெடருக்கே வர வேண்டாம். சரி, ஹெடரைத் தொட்டால் எல்லாக் கோப்பும் மறுபடி கம்பைல் ஆகுதே என்ற புகார்? நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே ஹெடரில் கொட்டாமல் பம்புக்கு ஒன்று, டிஸ்ப்ளேக்கு ஒன்று என்று பிரித்து வையுங்க. அப்புறமும் கொஞ்ச நேரம் கூடினால், அந்த நேரத்தைக் கொடுக்க எங்கள் அணிக்குச் சம்மதமுங்க.