ஏழு வரிக்கு ஒரு வயலின்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தனி வயலினுக்காக அண்மையில் நான் எழுதி முடித்த உருப்படி ஒன்றைப் பற்றிக் கதைக்கச் சொல்லி இந்த நேரத்தைத் தந்திருக்கிறார்கள். வயலினும் கையோடுதான் இருக்கிறது. இடையிடையே வாசித்தும் காட்டுவேன்.

உருப்படிக்கு அடிப்படை குறுந்தொகையின் 189 ஆவது பாட்டு. பாடியவர் ஈழத்துப் பூதன்தேவனார். சங்கப் பாடல்களில் அவர் பெயரில் ஏழு பாட்டுக் கிடைத்திருக்கிறது: குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் மும்மூன்று, நற்றிணையில் ஒன்று. கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிக்கிற ஒருவன் வாசிப்பதற்குக் கவிதை தேடினால், பெயரிலேயே ஈழத்தைச் சுமந்துகொண்டு நிற்கிற அந்த மனிதரிடம்தானே முதலில் போவான்.

பாட்டில் வருவது ஒரு சின்னச் சம்பவம். தலைவனுக்கு ஒரு கடமை வந்துவிட்டது, போயே ஆகவேண்டும். தேர்ப்பாகனைப் பார்த்துச் சொல்கிறான்: இன்றே போவோம், நாளை திரும்பிவிடுவோம். மலையிலிருந்து இறங்கும் அருவி மாதிரி வெள்ளைத் தேர் விரையட்டும். இளம்பிறை மாதிரி ஒளிவிடும் சக்கரம், வானத்திலிருந்து விழுகிற கொள்ளி மாதிரிப் பச்சைப் பயிரை அறுத்துக்கொண்டு போகட்டும். காற்றின் வேகத்தில் போய், மாலையில் வீடு சேர்ந்து, சில வெள்ளை வளையல்கள் மட்டும் அணிந்த அந்தச் சின்னவளை அணைத்து மகிழ்வோம். இவ்வளவுதான். ஏழு வரி.

நடுவில் வரும் மூன்று வரிகளைப் பூதன்தேவனார் சொன்னபடியே கேளுங்கள்.

குன்றிழி அருவியின் வெண்தேர் முடுக
இளம்பிறை அன்ன விளங்குசுடர் நேமி
விசும்புவீழ் கொள்ளியின் பைம்பயிர் துமிப்ப

இவ்வளவு வேகமும் எங்கே நடக்கிறது? தலைவன் இன்னும் புறப்படவே இல்லை. வேலை வந்து சேர்ந்த இடத்தில் பாகனுக்குச் சொன்னது என்றுதான் பாட்டின் பழைய குறிப்புச் சொல்கிறது. குதிரை பூட்டினார்களோ இல்லையோ, அவன் மனதுக்குள் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். பாகனோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒருவன் பேசுகிறான், மற்றவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். நான் இதற்குத் தனி வயலினை எடுத்ததற்குக் காரணம் இதுதான். இங்கே ஒரு மிருதங்கத்தைக் கூட்டிவந்தால், பாகன் வாய் திறந்து பதில் சொல்லத் தொடங்கிவிடுவான். தம்புரா வைத்தால், அவன் கால் வைத்து நிற்பதற்கு உறுதியான நிலம் கிடைத்துவிடும். புறப்படப்போகிற ஒருவனுக்கு அந்த நிலம் இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது.

நம் இசையில் வயலின் தனியே பேசுவது குறைவு. 1786 இல் பிறந்த பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் இதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வாசிப்பை மெச்சி, 1834 இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். அன்று தொடங்கி இன்றுவரை பாடகரின் பக்கத்தில் இருந்து அவர் பாடுவதை நிழலாகத் தொடர்வதுதான் இதன் முதல் வேலை. அது சிறிய வேலை என்று நான் சொல்லமாட்டேன், அதிலேயே வளர்ந்தவன் நான். தனிக்கச்சேரி வாசிக்கிற மேதைகளும் நம்மிடம் உண்டு. ஆனால் அங்கும் வாசிப்பது பெரும்பாலும் பாடுவதற்கென்று எழுதிய கீர்த்தனைகளைத்தான், அதுவும் மிருதங்கத்தோடு. ஐரோப்பாவில் 1720 இலேயே ஜெர்மனிய இசையமைப்பாளர் பாக் துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் தனி வயலினுக்கு ஆறு ஆக்கங்களை எழுதி முடித்துவிட்டார். கவிதையோடு வயலினைச் சேர்த்தவர்களும் அங்கே உண்டு. நான்கு பருவங்களைப் பற்றி இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி 1725 இல் வெளியிட்ட இசையோடு நான்கு கவிதைகளும் அச்சாகின. அங்கே வயலினைச் சுற்றி ஒரு குழுவே நிற்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒற்றைக் குரல், அதுவும் தமிழ்ச் சீரின் நடையில்.

சரி, சீருக்கு வருவோம். பத்தாம் பதினோராம் வகுப்பில் தமிழ் படித்த எல்லோருக்கும் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் ஞாபகம் இருக்கும். குன்றிழி அருவியின் வெண்தேர் முடுக என்ற வரியை அசை பிரித்துப் பாருங்கள். குன்றிழி, கூவிளம். அருவியின், கருவிளம். வெண்தேர், தேமா. முடுக, புளிமா. நான்கும் ஒரே வரியில் வரிசைகட்டி நிற்கின்றன! பூதன்தேவனார் திட்டமிட்டுச் செய்தாரா, வாய் போன போக்கில் வந்ததா, எனக்கு அது முக்கியமில்லை. தேர் முதலில் சறுக்கி, பிறகு துள்ளி, ஒரு கணம் இறுகி, மறுபடியும் பாய்வது அந்த அசைகளில் இருக்கிறது. நேரசைக்கு ஒரு ஸ்வரம், நிரையசைக்கு இரண்டு ஸ்வரம், எதுவானாலும் ஒரு அசைக்கு ஒரு வில். இந்த ஒரு விதியைத்தான் உருப்படி முழுவதற்கும் வைத்துக்கொண்டேன். ஆதி தாளம், ரூபகம் என்று எதுவும் போடவில்லை. பாட்டின் சீர்தான் தாளம்.

(வயலின்: இரண்டாம் வரி, முதலில் மெதுவாக, பிறகு உரிய வேகத்தில்)

நீங்கள் இப்போது கேட்டது மோகனம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணியை மோகனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். காடும் மேய்ச்சலும் நிறைந்த வன்னிக்கு அந்தப் பண் பொருந்தும் என்பது என் விருப்பம். முதல் நான்கு வரிக்கும் அந்த ஐந்து ஸ்வரம்தான். மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. ஐந்தாம் வரியில் "மாலை எய்தி" என்று வருகிறதல்லவா, அந்த இடத்தில் முதல் தடவையாக மத்தியமம் உள்ளே வருகிறது. அப்புறம் நிஷாதம். மோகனத்தின் தாய் ராகமான அரிகாம்போதி மெல்லத் திறக்கிறது. ஓட்டத்தில் கண்ணில் படாத எல்லாம், வீட்டை நெருங்கி வேகம் குறையும்போது தெரியத் தொடங்கும். அந்த இரண்டு ஸ்வரத்தையும் அதற்காகத்தான் பிடித்துவைத்திருந்தேன்.

சக்கரம் வரும் மூன்றாம் வரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. வயலினின் நான்கு தந்திகளும் ஒரு மட்டத்தில் இல்லை. அவற்றைத் தாங்கும், குதிரை என்று நாங்கள் சொல்கிற மரத்துண்டின் மேல்விளிம்பு வளைவானது. அதனால் மிகத் தாழ்ந்த ஒலியுள்ள மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து மேல் பஞ்சமத் தந்திவரை ஒரே வில்லில் உருட்டிக்கொண்டு போனால், வில்லின் நுனி காற்றில் ஒரு வளைவு போடும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அது மூன்றாம் பிறைதான். வானொலியில் உங்களுக்கு அதைக் காட்ட முடியாது, ஆனால் கேட்கலாம்: நான்கு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்து, முதலாவது அடங்குமுன் நான்காவது வந்துவிடும். வில்லைத் திருப்பி உருட்டினால் சக்கரம் ஒரு சுற்று முடிகிறது. விசும்பு வீழ் கொள்ளிக்கு வில்லைப் பிடிக்குக் கிட்டத் தந்தியில் அழுத்தி ஒரே வெட்டு. வில்லில் பூசுகிற ரொசின் தூள் பறக்கும்.

(வயலின்: மூன்றாம், நான்காம் வரிகள்)

இதை முதலில் வாசித்துக் காட்டியது என் மாணவர்களுக்கு. வன்னி தட்டையான பூமி, அருவியை நேரில் கண்ட பிள்ளைகள் வகுப்பில் ஓரிருவர்தான். படத்தில் பார்த்ததை வைத்து எவ்வளவு வேகமாக வாசிப்பது என்று ஒருவன் கேட்டான். இரணைமடுக் குளம் வான் பாய்வதைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பார்க்காமல் இருப்பானா? மாரியில் கனகராயன் ஆறு நிறைந்து வந்து வான்கதவுகள் திறந்தால் ஊரே அணைக்கட்டில் நிற்குமே. அங்கே தண்ணீர் கதவடியில் கண்ணாடி போல வழுக்கி இறங்கி, கீழே தட்டியதும் வெள்ளையாக உடையும். அந்த உடைவைத்தான் அவன் வில்லில் கொண்டுவந்தான். தார பஞ்சமத்திலிருந்து மந்தரம்வரை நான் போட்டிருந்த நீளமான சறுக்கலை, அதாவது ஜாருவை, அவன் பாதியில் முறித்து, மீதியைச் சிறுசிறு வில்லாகச் சிதறவிட்டான். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது. இப்போது அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

இன்னொரு பிள்ளைக்கு நாலாம் வரிதான் தொண்டையில் நின்றது. "சேர், பயிருக்குள்ளாலயோ தேர் விடுறார்? ஆற்ற வயல் அது?" என்று கேட்டாள். காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெல்லுக்கு, விதைத்துவிட்டு மழையையும் யானையையும் காவல் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. அவளுக்கு அந்த வரி அழகாகப் படவே இல்லை, அநியாயமாகத்தான் பட்டது. உரை எழுதியவர்கள் காதலின் அவசரத்தை மெச்சுவார்கள். வன்னிக்காரருக்கு முதலில் தெரிவது அறுந்த பயிர். இரண்டும் பாட்டில் இருக்கிறது. அதனால் அந்த வெட்டுக்குப் பிறகு ஒரு சின்ன கமகம் சேர்த்தேன், காந்தாரத்தில், கொஞ்சம் வலிக்கிற மாதிரி. அவள் வாசிக்கும்போது அந்த இடத்தில் என்னைவிட நீளமாக நிற்பாள்.

இனி ஆறாம் வரி. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முதல் அடி ஒரு சீர் குறைந்து வரும். சின்னிரை, வால்வளை, குறுமகள். மூன்று சீர்தான். ஐந்தாவது வரிவரை நாற்சீராக ஓடிவந்த பாட்டு, அவளைச் சொல்லும் இடத்தில் ஒரு சீர் பேசாமல் நிற்கிறது. இலக்கணம் அப்படித்தான் கேட்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்த வெற்றிடத்தில் யாரை நிறுத்துவது என்பதைப் புலவர்தானே தீர்மானித்தார். அங்கே வில்லைக் கீழே வைத்துவிட்டு, இடது கை விரலால் தந்தியை மூன்று முறை சுண்டுகிறேன், வளையல் அசைவதற்கு. நாலாவது சீரின் இடத்தில் எதுவும் இல்லை. மாணவர்களுக்கு உருப்படியிலேயே மிகக் கடினமான இடம் இதுதான். கை சும்மா இருக்க மறுக்கும்.

கடைசி வரி "உவக்குவமே" என்று முடிகிறது. மகிழ்வோம். அவன் போனானா, வந்தானா என்று பாட்டுச் சொல்வதில்லை. அது என்னை விடவில்லை. இன்று போய் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்காக இந்த மண்ணில் இன்றும் காத்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் பலர் எங்கள் பிள்ளைகளின் அம்மம்மாமார், பெரியம்மாமார். அவர்கள் இருக்கிற ஊரில் இந்தப் பாட்டை எடுத்துவைத்து, தேர் வீடு சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தில் முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பஞ்சமத்தில் நிறுத்தினேன். நம் வயலினில் அது திறந்த தந்தி. விரல் வைக்கத் தேவையில்லை, வில்லை எடுத்த பிறகும் தானே கொஞ்ச நேரம் ஒலிக்கும்.

உயர்தரத்தில் சங்கீதம் எடுக்கிற என் மாணவி ஒருத்தி இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "அவர் வந்திட்டார் சேர். வராமல் இவ்வளவு நம்பிக்கையாச் சொல்லியிருக்க மாட்டார்" என்று பிடிவாதமாக நின்றாள். அவள் வாசிக்கும்போது பஞ்சமத்துக்குப் பிறகு மந்தர ஷட்ஜத்தை ஒரே ஒரு நீள வில்லில் இழுத்து முடிப்பாள். நான் தடுக்கவில்லை. அவளுடைய வீட்டிலும் ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த ஷட்ஜம் அவளுக்கு வேண்டும், அவளுக்கு அதை வாசிக்க உரிமையும் உண்டு. ஸ்வரப்படுத்திய தாளில் இரண்டு முடிவையும் எழுதிவைத்திருக்கிறேன், எது முதல் என்று இலக்கம் போடவில்லை.

வன்னியில் வயலின் படிப்பிக்கிற ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தவே நேரம் போதாது என்று தெரியும். அந்தக் கீர்த்தனைகளும் வர்ணங்களும் வேண்டியவைதான், அவை இல்லாமல் கை வராது. ஆனாலும் தவணை முடிந்த பிறகு ஒரு கிழமை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு குறுந்தொகைப் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாலு வரியிலிருந்து எட்டு வரிக்குள்தான் இருக்கும், பயப்படத் தேவையில்லை. முதலில் வாய்விட்டுச் சொல்லட்டும், அசை பிரிக்கட்டும், பிறகு வில்லை எடுக்கட்டும். யாருடைய பாட்டுக்கும் பின்னால் போகாமல் தன் வயலினில் தானே ஒரு வசனம் சொல்லி முடிப்பது எப்படி என்று அந்த வயதிலேயே அவர்களுக்குத் தெரிய வேண்டும். என் உருப்படியின் ஸ்வரத்தாள் வேண்டுமென்றால் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன், பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ராகத்தை மாற்றலாம், கமகங்களை மாற்றலாம். மிருதங்கம் மட்டும் சேர்க்காதீர்கள்.

இப்போது முழுவதையும் வாசிக்கிறேன். பதினொரு நிமிடம் வரும். இன்று நான் எடுத்துக்கொள்வது பஞ்சமத்தில் முடிகிற முடிவு.

(வயலின்: உருப்படி முழுவதும்)