49.926: இந்த எண் யாருக்குச் சொந்தம்?

[திரை: கறுப்புப் பின்னணி. நடுவுல ஒரே ஒரு எண், 49.926]

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்க.

'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ'ன்னு ஒரு ஜர்னல். படிகத்துக்குள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு ஆராய்றவங்க படிக்கிற இதழ். ஜர்னலோட மதிப்பைக் காட்ட இம்பாக்ட் ஃபேக்டர்னு ஒரு எண் போடுவாங்க. 2008-ல இதுக்கு அது 2-ஐ ஒட்டி இருந்தது. அடுத்த வருஷம் 49.926. பேர் போன அறிவியல் இதழ்களான நேச்சரையும் சயின்ஸையும் தாண்டிடுச்சு! 2011-க்கான கணக்கு வந்தப்போ, பழையபடி 2-க்கே இறங்கிடுச்சு.

நடுவுல என்ன ஆச்சு? 2008-ல ஜார்ஜ் ஷெல்ட்ரிக்னு ஒரு வேதியியலாளர் எழுதின கட்டுரை அதுல வந்துச்சு. அவ்வளவுதான்.

[திரை: ஒரு வகுத்தல் கணக்கு மெதுவா எழுதப்படுது]

இம்பாக்ட் ஃபேக்டர் எப்படிப் போடறாங்க? முந்தின ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரைகளை இந்த வருஷம் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு எண்ணணும். அதை அந்த ரெண்டு வருஷக் கட்டுரைகளோட எண்ணிக்கையால வகுக்கணும். சராசரி, வேற ஒண்ணும் இல்லை. ஒரு ஜர்னல்ல 20 கட்டுரைன்னு வெச்சுக்குவோம். ஒண்ணுக்கு 381 மேற்கோள். மீதி 19-க்கும் தலா ஒண்ணு. மொத்தம் 400, சராசரி 20. இப்போ அந்த 19 பேரும் வேலைக்கு விண்ணப்பிக்கிறப்போ என்ன எழுதுவாங்க? "இம்பாக்ட் ஃபேக்டர் 20 இருக்கிற ஜர்னல்ல என் கட்டுரை வந்திருக்கு." பொய் இல்லை. ஆனா வகுப்போட சராசரி மார்க்கைத் தன் ரேங்க் கார்டுல எழுதிக்கிட்ட கதைதான்.

யூஜின் கார்ஃபீல்ட் இந்த யோசனையை 1955-ல முன்வெச்சார். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாங்கன்னு அவர் போட்ட அட்டவணையில எந்த ஜர்னலைச் சேர்க்கலாம்னு முடிவெடுக்க அவருக்கு அது உதவுச்சு. அதாவது ஜர்னல்களை ஒப்பிடுற கருவி. அதை ஆளை எடை போடுற தராசாக்குனது பின்னால வந்தவங்க.

சரி, ஆளுக்குன்னே ஒரு எண் வேணும்னு 2005-ல இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். ஒருத்தரோட அஞ்சு கட்டுரைகளுக்குத் தலா அஞ்சு மேற்கோளாவது இருந்தா ஹெச் 5. இன்னொருத்தர் மூணே கட்டுரை எழுதி ஒவ்வொண்ணும் 3,000 மேற்கோள் வாங்கியிருந்தா? ஹெச் 3. யாரைக் கூப்பிடுவீங்க? போதாததுக்கு இந்த எண் ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆளே போனப்புறமும் ஏறும்.

மேற்கோள்னா பாராட்டுன்னு நினைக்கிறதும் தப்பு. 1998-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஒரு கட்டுரை வந்துச்சு. பார்த்தது 12 குழந்தைகளை. 2010-ல கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க. அதுக்கு ஆயிரத்துக்கும் மேல மேற்கோள் இருக்கு. பெரும்பாலும் அதை மறுக்கிறதுக்காக. எண்ணுற மெஷினுக்குத் திட்டும் ஒண்ணுதான், புகழும் ஒண்ணுதான்.

[திரை: 2005, 2020, 2023. மூணு வருஷம், ஒரே கோடு]

காலம் இன்னொரு சிக்கல். கட்டாலின் காரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ பத்தின முக்கியமான கட்டுரையை 2005-ல வெளியிட்டாங்க. அந்த வழியில வந்த கோவிட் தடுப்பூசி 2020. நோபல் 2023. ரெண்டு வருஷ ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறவங்களுக்கு இதுல என்ன தெரிஞ்சிருக்கும்?

சரி, எண்ணே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை. எண் இல்லாத காலத்துல யார் யாருக்குத் தெரிஞ்சவர், யாரோட மாணவர்னு பார்த்துத்தான் பல இடத்துல வேலை ஓடுச்சு. சிபாரிசு இல்லாதவங்களுக்கு எண் ஒரு கேடயம். அதனாலதான் ஆய்வை எப்படி மதிப்பிடணும்னு 2015-ல வந்த லெய்டன் அறிக்கை எண்ணைத் தூக்கிப் போடச் சொல்லலை. நிபுணர்களோட மதிப்பீட்டுக்கு எண் துணையா இருக்கட்டும்ங்கிறதுதான் அதோட பத்து கொள்கைகள்ல முதலாவது. உள்ளூர்ப் பிரச்சினையை, உள்ளூர் மொழியில ஆராய்றவங்களைக் காப்பாத்தணும்ங்கிறது மூணாவது. ஆங்கில ஜர்னல்களை மட்டும் எண்ணினா அவங்க காணாமலே போயிடுவாங்க. அதுக்கும் முன்னாடியே, 2013-ல, 'டோரா'ங்கிற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வந்தாச்சு. ஜர்னலோட எண்ணை வெச்சு தனிக் கட்டுரையையோ ஆளையோ எடை போடாதீங்கன்னு அதுல நேராவே சொல்லியிருக்காங்க.

பிரிட்டன் வேற வழியையும் சேர்த்துப் பார்த்துச்சு. பல்கலைக்கழக ஆய்வுகளை எடை போட்ட 2014 மதிப்பீட்டுல, அந்த ஆய்வால பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்ன மாறுச்சுன்னு கதையா எழுதச் சொன்னாங்க. மதிப்பெண்ல 20 சதவீதம் அதுக்கு. 2021-ல 25 ஆச்சு. 1993 வரைக்கும் பின்னால போய் ஆய்வைக் காட்டலாம்னு 2014-ல இடம் கொடுத்தது எனக்குப் பிடிச்ச விஷயம். கிட்டத்தட்ட 7,000 கதைகள் குவிஞ்சுது. ஆனா கதைக்கும் ஒரு நோய் உண்டு. ஒரு மருத்துவ வழிகாட்டி மாறுதுன்னா அதுக்குப் பின்னால பல குழுக்களோட உழைப்பு இருக்கும். ஒவ்வொரு குழுவும் "எங்களால"ன்னு எழுதும். "எங்களுக்கும் இதுல பங்கு உண்டு, இதோ ஆதாரம்"னு எழுதுறவங்களுக்கு மார்க் குறையக் கூடாது. அங்கதான் பொறுப்பு ஆரம்பிக்குது.

[திரை: மறுபடியும் 49.926]

ஷெல்ட்ரிக்குக்கு வருவோம். அவர் செஞ்ச பெரிய வேலை அந்தக் கட்டுரை இல்லை. ஷெல்எக்ஸ்ங்கிற மென்பொருள். படிக அமைப்பைக் கண்டுபிடிக்க உதவுறது. 1976-லேயே வெளியானது. உலகம் பூரா ஆய்வுக்கூடங்கள் பல வருஷமா அதை ஓட்டிட்டு இருந்துச்சு. 2008 கட்டுரை அந்த மென்பொருளோட சுருக்கமான வரலாறு. இதைப் பயன்படுத்தினா பொதுவா இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டலாம்னு அதோட சுருக்கத்துலயே எழுதியிருந்தார். எல்லாரும் காட்டினாங்க. முப்பது வருஷத் தாக்கம் கணக்குல இப்படி ஏறினப்போ, அது போய் உட்கார்ந்தது ஜர்னலோட பேர்ல.

[திரை: ஒரு விண்ணப்பப் படிவம். 'இம்பாக்ட் ஃபேக்டர்'ங்கிற கட்டத்து மேல ஒரு கோடு]

நீங்க ஒரு தேர்வுக் குழுவுல உட்கார்ந்தா, படிவத்துல இந்தக் கட்டத்தை எடுத்துடச் சொல்லுங்க. அந்த இடத்துல ரெண்டு கேள்வி போதும்: உங்க வேலையில முக்கியமானதுன்னு நீங்க நினைக்கிற மூணு எது? மென்பொருளோ தரவோ கட்டுரையோ, அதை யார், எதுக்குப் பயன்படுத்துறாங்க? பதில் வந்ததும் அந்த மூணையும் திறந்து படிங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.